விளையாடுங்கள், விமர்சியுங்கள், எழுதி வெளியிடுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இரண்டு குறைகள் அடிக்கடி காதில் விழும். முதலாவது, “படிப்பதற்கு உதவும் என்று வாங்கினோம். பையன் கேம்ஸ் விளையாடிக் கொண்டே இருக்கிறான்.” இரண்டாவது, “ரொம்ப நாளாக மனதில் ஒரு கதை இருக்கிறது. டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்பினேன். பதிலே இல்லை.” ஒன்று விளையாட்டு ஆசை; மற்றொன்று எழுத்து ஆசை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றுதான் நாம் நினைக்கிறோம்.

ஆனால், இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றாகச் சேரும் ஒரு துறை கம்ப்யூட்டர் உலகில் சுமார் 50 ஆண்டுகளாக இருந்து வருகிறது. இதற்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. வேகமான பிராசசர் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டராக இருந்தாலும் போதும். இதனை ஆங்கிலத்தில் இன்டராக்டிவ் பிக்ஷன் என்று அழைக்கின்றனர். நாம் எளிமையாக டெக்ஸ்ட் கேம் என்றே வைத்துக் கொள்வோம்.

இந்தத் துறையின் சிறப்பு என்னவென்றால், இங்கு வாசகர் தனி, விமர்சகர் தனி, எழுத்தாளர் தனி, பதிப்பாளர் தனி என்பது கிடையாது. ஒருவரே விளையாடுகிறார், விளையாடியதைப் பற்றி எழுதுகிறார், பின் தானே ஒரு கதை எழுதித் தானே வெளியிடுகிறார். ஆனால் இந்த வரிசை முக்கியம். வரிசையை மாற்றிச் செய்து அவதிப்பட்டவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன். அந்தக் கதையைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

டெக்ஸ்ட் கேம் என்றால் என்ன?

திரையில் படம் எதுவும் இருக்காது. எழுத்து மட்டும்தான். “நீங்கள் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் இருக்கிறீர்கள். பெஞ்சின் மீது யாரோ மறந்து விட்டுச் சென்ற குடை ஒன்று இருக்கிறது” என்று கேம் சொல்லும். நீங்கள் “குடையை எடு” என்ற பொருளில் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். குடை உங்கள் கைக்கு வந்து விடும். கதை அடுத்த கட்டத்திற்கு நகரும்.

இது ஒரு வகை. மற்றொரு வகையில் டைப் செய்ய வேண்டியதில்லை. கதையின் இடையே சில சொற்கள் லிங்க்குகளாக இருக்கும். எதில் கிளிக் செய்கிறீர்களோ அந்தப் பாதையில் கதை செல்லும். இரண்டிலும் கதையின் நாயகன் நீங்கள்தான்.

குகையில் தொடங்கிய கதை

அமெரிக்காவில் வில் கிரவுதர் என்ற புரோகிராமர் இருந்தார். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்கிய நிறுவனத்தில் பணியாற்றியவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைத் தொடருக்குள் இறங்கி வரைபடம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. மணமுறிவுக்குப் பின், தன் இரு மகள்களும் வந்தால் விளையாடுவதற்காக, 1970களின் நடுவில் அந்தக் குகையையே ஒரு டெக்ஸ்ட் கேமாக எழுதினார். அதுதான் “அட்வென்ச்சர்”. பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் இருந்த டான் உட்ஸ் அதனைக் கண்டெடுத்து, கிரவுதரின் அனுமதியுடன் 1977ல் விரிவாக்கினார்.

அதே 1977ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நால்வர் இதை விளையாடி முடித்து விட்டு, இதை விடச் சிறப்பாக நம்மால் செய்ய முடியாதா என்று எழுதத் தொடங்கினர். அப்படிப் பிறந்தது “ஸோர்க்”. கவனியுங்கள், இந்தத் துறையின் இரண்டாவது பெரிய படைப்பே முதல் படைப்பை விளையாடி, அதன் குறைகளை உணர்ந்தவர்களால் எழுதப்பட்டது!

1979ல் அவர்கள் சார்ந்த குழு இன்போகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அப்போது ஆப்பிள், கமடோர், அடாரி என்று ஆளுக்கொரு வகை ஹோம் கம்ப்யூட்டர். ஒன்றில் இயங்கும் புரோகிராம் மற்றொன்றில் இயங்காது. இதற்கு இன்போகாம் ஒரு நல்ல வழியைக் கண்டது. இஸட் மெஷின் என்ற கற்பனைக் கம்ப்யூட்டர் ஒன்றினை வடிவமைத்தனர். கேம் முழுவதும் அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டருக்காகவே எழுதப்படும். ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் இன்டர்பிரட்டர் என்ற சிறிய புரோகிராம் ஒன்றை மட்டும் தயாரித்தால் போதும். எல்லா கேம்களும் அதில் இயங்கும். தொடக்க கால கேம் பைல் ஒன்றின் அளவு 128 கேபிக்குள்தான். இன்று உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ இதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இன்போகாம் நன்றாகவே வளர்ந்தது. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ், ஸ்டீவ் மெரட்ஸ்கியுடன் சேர்ந்து தன் புகழ் பெற்ற நாவலான “ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு” கதையை 1984ல் டெக்ஸ்ட் கேமாகத் தந்தார். ஆனால் படங்களுடன் கூடிய கேம்கள் வரத் தொடங்கியதும் எழுத்துக்கு மவுசு குறைந்தது. 1986ல் இன்போகாமை ஆக்டிவிஷன் நிறுவனம் வாங்கியது. 1989ல் அதன் அலுவலகம் மூடப்பட்டது.

கடை மூடியது, கதை முடியவில்லை

வியாபாரக் கணக்கில் பார்த்தால் டெக்ஸ்ட் கேம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், விளையாடியவர்களே அதனைக் கையில் எடுத்துக் கொண்டனர்.

இஸட் மெஷின் எப்படி இயங்குகிறது என்பதனை ரசிகர்களே ஆராய்ந்து கண்டறிந்தனர். 1992ல் இத்தகைய கேம்களைச் சேமித்து வைக்க ஐ.எப். ஆர்க்கிவ் என்ற இலவசக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. 1993ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் கிரஹாம் நெல்சன், இஸட் மெஷினுக்கான கேம்களை யார் வேண்டுமானாலும் எழுதும் வகையில் இன்பார்ம் என்ற சாதனத்தை வெளியிட்டார். அதோடு “கர்ஸஸ்” என்ற தன் சொந்த கேமையும் இலவசமாகவே தந்தார்.

நெல்சன் இன்னொன்றும் செய்தார். கேம் எழுதுபவர்கள் விளையாடுபவருக்குச் செய்யக் கூடாதவற்றைத் தொகுத்து, விளையாடுபவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியலாகவே தந்தார். எச்சரிக்கை எதுவும் இன்றி நாயகனைச் சாகடிக்கக் கூடாது, சரியான சொல்லைத் தேடி விளையாடுபவரை அலைய விடக் கூடாது, இப்படிப் பல. ஒரு தேர்ந்த விமர்சகரின் மனக் குறிப்புகளே அடுத்து வந்த எழுத்தாளர்களுக்குப் பாடப் புத்தகமாயின.

1995ல் இன்டராக்டிவ் பிக்ஷன் போட்டி தொடங்கியது. ஐ.எப்.காம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்போட்டி இன்றும் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. இதில் நடுவர் குழு என்று தனியாக யாரும் இல்லை. போட்டியில் பங்கேற்காத எவரும் நடுவராகலாம். குறைந்தது ஐந்து கேம்களையாவது விளையாடி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் தர வேண்டும். ஒரு கேமுக்கு அதிக பட்சம் இரண்டு மணி நேரம்தான். அதற்குள் பார்த்ததை வைத்தே மதிப்பெண். விளையாடியவர்கள் பலர் விமர்சனமும் எழுதுவார்கள். ஆக, புதிதாக எழுதும் ஒருவருக்குப் பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, தன் கதையை முழுமையாகப் படித்துக் கருத்து சொல்லும் வாசகர்கள் நிச்சயம் கிடைக்கிறார்கள். அச்சுப் பத்திரிகையில் கதை வந்தவர்களுக்குக் கூட இது எளிதில் கிடைப்பதில்லை.

விமர்சகரே எழுத்தாளர்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, எமிலி ஷார்ட் என்ற பெயரில் எழுதும் பெண் எழுத்தாளர். பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவர். 2000ம் ஆண்டில் “கலாட்டியா” என்ற டெக்ஸ்ட் கேமை இலவசமாக வெளியிட்டார். ஓர் ஓவிய, சிற்பக் கண்காட்சி. அங்கே பேசக் கூடிய ஒரு சிலை. நீங்கள் யார் தெரியுமா? அந்தக் கண்காட்சியைப் பார்வையிட வந்த கலை விமர்சகர்! சிலையிடம் என்ன கேட்கிறீர்கள், எப்படி நடந்து கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை பல்வேறு முடிவுகளை அடைகிறது. இதுதான் சரியான முடிவு என்று எதுவும் இல்லை.

இவர் தன் கேம்களை வெளியிட்டதோடு நிற்கவில்லை. மற்றவர்கள் எழுதிய டெக்ஸ்ட் கேம்களை ஆண்டுக் கணக்கில் விளையாடி, எது ஏன் நன்றாக இருக்கிறது, எது எங்கே தவறுகிறது என்று விரிவாக எழுதி வந்தார். 2006ல் நெல்சன் வெளியிட்ட இன்பார்ம் 7 உருவானதிலும் இவருடைய பங்கு உண்டு. இதில் ஏறத்தாழ சாதாரண ஆங்கில வாக்கியங்களிலேயே கேம் எழுதலாம். இன்பார்ம் 7 கொண்டு 2012ல் இவர் வெளியிட்ட “கவுன்டர்பீட் மங்கி” கேமில், பொருளின் பெயரில் உள்ள ஓர் எழுத்தை நீக்கினால் அந்தப் பொருளே மாறி விடும். தமிழில் சொல்வதென்றால், தகரத்தில் முதல் எழுத்தை எடுத்து விட்டால் கரம் வந்து விடுவது போல! நூற்றுக் கணக்கான கேம்களில் சொற்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்த்தவருக்குத்தான் இப்படி ஓர் எண்ணம் தோன்றும்.

முதல் வேலை: விளையாடுங்கள்

எங்கிருந்து தொடங்குவது? ஐ.எப்.டி.பி. என்ற தளம் 2007 முதல் இயங்கி வருகிறது. ஆயிரக் கணக்கான டெக்ஸ்ட் கேம்களைப் பற்றிய தகவல்களும் வாசகர் விமர்சனங்களும் அதில் உள்ளன. பலவற்றை பிரவுசரிலேயே விளையாடலாம். டவுண்லோட் செய்து விளையாட விரும்பினால், விண்டோஸ் பிராட்ஸ் அல்லது கார்காயில் என்ற இன்டர்பிரட்டர் புரோகிராமினை இலவசமாக இறக்கிப் பதிந்து கொள்ளவும். பின் கேம் பைலை அதன் மூலம் திறக்கவும்.

புதியவர்களுக்கென்றே ஆண்ட்ரூ பிளாட்கின் 2004ல் எழுதிய “டிரீம்ஹோல்ட்” என்ற கேம் இருக்கிறது. எப்படி விளையாடுவது என்பதை விளையாட்டின் போக்கிலேயே சொல்லித் தரும்.

டைப் செய்யும் வகை கேம்களில் சில கட்டளைகளை நினைவில் கொள்ளவும். எல் என்ற எழுத்தைத் தட்டினால் இருக்கும் இடம் மீண்டும் விளக்கப்படும். எக்ஸ் என்று தட்டிப் பொருளின் பெயரைத் தந்தால் அந்தப் பொருளை உற்றுப் பார்க்கலாம். ஐ தட்டினால் கையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அன்டு கட்டளை பெரும்பாலான கேம்களில் கடைசியாகச் செய்ததை நீக்கும். எழுந்து போகும் முன் சேவ் கட்டளை தர மறக்க வேண்டாம்.

இரண்டாவது வேலை: விமர்சனம் எழுதுங்கள்

“சூப்பர்” என்பதும் “மொக்கை” என்பதும் விமர்சனம் அல்ல. எழுதியவருக்கு இரண்டாலும் பயன் இல்லை. நம் தரப்பிலும் எதுவும் கற்றுக் கொள்ளவில்லை என்றுதான் பொருள். விளையாடி முடித்தவுடன் நோட்பேட் புரோகிராமினைத் திறந்து கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

1. இந்தக் கதையில் நான் யார்? அது எத்தனையாவது திரையில் எனக்குப் புரிந்தது?

2. எந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்? தவறு என்னுடையதா, கதை சொல்லியதன் குறையா?

3. நான் செய்த தேர்வுகளால் ஏதாவது மாறியதா?

4. எந்த இடத்தில் மூடி விட்டு எழுந்து போகத் தோன்றியது?

5. மறு நாளும் நினைவில் நின்றது எது?

இவற்றுடன், எழுதியவர் என்ன செய்ய முயன்றார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆடம் கேட்ரி எழுதிய “போட்டோபியா” 1998ம் ஆண்டின் ஐ.எப்.காம்ப் போட்டியில் முதலிடம் பெற்றது. அதில் புதிர்கள் மிகக் குறைவு. புதிரே இல்லாமல் இது என்ன கேம் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கதை புதிர் போட வந்ததல்ல. ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்ல வந்தது. அதனை அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இட்லிக் கடையில் போய் பரோட்டா சரியில்லை என்று சொல்வது விமர்சனம் ஆகாது.

இன்னொன்று. திரைக்குப் பின்னால் இருப்பவர் ஊதியம் பெறாமல், தன் இரவுகளைச் செலவிட்டு எழுதியவர். குறையைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்தத் திரையில், எதை டைப் செய்த போது, என்ன நடந்தது என்று இடம் காட்டிச் சொல்லுங்கள். அது அவருக்கு உதவும். ஆளைப் பற்றிச் சொல்வது யாருக்கும் உதவாது.

என் கதை

இப்போது என் அவதிக்கு வருகிறேன். யாருடைய கேமையும் விளையாடாமலேயே நான் முதலில் எழுதத் தொடங்கினேன். ஒரு கிராமத்துத் தபால் நிலையம், முப்பது ஆண்டு தாமதமாக வந்து சேரும் ஒரு கடிதம். நாற்பது திரைகள். எல்லாத் திரையிலும் இரண்டு லிங்க்குகள். எனக்கு அது பெரிய சாதனையாகத் தெரிந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகனை உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். பக்கத்திலேயே அமர்ந்து, “அதைப் படி, அங்கே கிளிக் செய்” என்று சொல்லிக் கொண்டிருந்தேன்.

நாலைந்து திரை தாண்டியதும் அவன் முன்னால் போய் மற்ற லிங்க்கைத் தட்டிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, எதைத் தட்டினாலும் இதேதான் வருது. அப்புறம் எதுக்கு என்னைக் கேட்கறீங்க?” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கதையை மூடி வைத்து விட்டு, மற்றவர்கள் எழுதியவற்றை விளையாடத் தொடங்கினேன். மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். ஏழாவதோ எட்டாவதோ விமர்சனத்தில், “ஆசிரியர் என்னைக் கேட்பது போல் நடிக்கிறார், ஆனால் முடிவை முன்பே எடுத்து விட்டார்” என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்த போதுதான் அது என் கதையைப் பற்றிய விமர்சனமாகவும் இருப்பது புரிந்தது. அடுத்தவர் கதையில் கண்ணில் படும் தவறு, நம் கதையில் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் விளையாட்டு, பிறகு விமர்சனம், அதன் பிறகே எழுத்து.

அந்தக் கதையில் இப்போது பதினெட்டுத் திரைகள்தான் உள்ளன. கடிதத்தை உரியவரிடம் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா என்ற ஒரே ஒரு கேள்விதான் பெரிய கேள்வி. ஆனால் அந்தப் பதில் கதையை உண்மையாகவே மாற்றுகிறது.

மூன்றாவது வேலை: எழுதுங்கள்

தமிழில் எழுத விரும்புவோருக்கு லிங்க் வகையே எளிது. ஆங்கிலத்தில் வினைச் சொல் முதலில் வரும். பொருளின் பெயர் மாறாமல் பின்னால் நிற்கும். தமிழில் விளக்கு என்பது விளக்கை எடு, விளக்கால் அடி, விளக்கில் ஊற்று என்று உருபு ஏற்று மாறிக் கொண்டே இருக்கும். வினை கடைசியில் வரும். டைப் செய்வதைப் புரிந்து கொள்ளும் புரோகிராமினை இதற்காகத் தனியே எழுத வேண்டும். லிங்க் வகையில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

இதற்கு ஏற்ற புரோகிராம் ட்வைன். கிரிஸ் கிளிமாஸ் என்பவர் 2009ல் வெளியிட்டது. முற்றிலும் இலவசம். 2018ல் வெளியான “பேண்டர்ஸ்நாட்ச்” என்ற, பார்வையாளரே முடிவெடுக்கும் திரைப்படத்தின் கதையை வடிவமைக்கவும் இது பயன்பட்டது. ட்வைனரி.ஆர்க் என்ற தளத்திற்குச் சென்று பிரவுசரிலேயே பயன்படுத்தலாம்; அல்லது டவுண்லோட் செய்து கம்ப்யூட்டரில் பதிந்து கொள்ளலாம்.

புதிய கதை ஒன்றினைத் தொடங்கி அதற்குப் பெயர் கொடுங்கள். திரையில் ஒரு சிறிய கட்டம் கிடைக்கும். இதற்கு பேசேஜ் என்று பெயர். இதன் மீது டபுள் கிளிக் செய்திடவும். கிடைக்கும் இடத்தில் கதையின் முதல் பகுதியை யூனிகோட் தமிழில் டைப் செய்திடவும். பழைய எழுத்துரு முறைகளில் டைப் செய்தால் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் புரியாத குறியீடுகளாகத் தெரியும்.

எந்தச் சொல் லிங்க்காக வேண்டுமோ அதனை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் தரவும். எடுத்துக்காட்டாக, [[கடிதத்தைப் பிரி]] என்று டைப் செய்தால், அதே பெயரில் புதிய கட்டம் ஒன்று தானாகவே உருவாகி, இரண்டுக்கும் இடையே அம்புக்குறி வந்து விடும். லிங்க் ஒரு பெயரிலும் கட்டம் வேறு பெயரிலும் இருக்க வேண்டும் எனில், [[கடிதத்தைப் பிரி->முதல் பக்கம்]] என அமைக்கவும். பிளே பட்டனில் கிளிக் செய்தால் கதை இயங்கும். தொடக்கத்திற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். நாயகன் சாவியை எடுத்தானா இல்லையா என்று நினைவில் வைக்கும் வழிகளும் ட்வைனில் உண்டு. அதனைப் பிறகு கற்றுக் கொள்ளலாம்.

எச்சரிக்கை: பிரவுசரில் ட்வைனைப் பயன்படுத்தினால் உங்கள் கதை பிரவுசரின் சேமிப்பிடத்திலேயே இருக்கும். யாராவது பிரவுசரின் தகவல்களை நீக்கினால் கதையும் சேர்ந்தே போய் விடும். எனவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஆர்க்கிவ் வசதி மூலம் பைலாகச் சேமித்து, அதன் நகல் ஒன்றைப் பென் டிரைவிலும் வைக்கவும். கம்ப்யூட்டரில் பதிந்து பயன்படுத்துபவர்களுக்கும் இந்த இரண்டாவது நகல் அவசியம்.

நான்காவது வேலை: வெளியிடுங்கள்

பப்ளிஷ் டு பைல் என்பதில் கிளிக் செய்தால் கதை முழுவதும் ஒரே எச்.டி.எம்.எல். பைலாகக் கிடைக்கும். பிரவுசர் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் இது இயங்கும். வெளியிடும் முன் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும். பக்கத்தில் உட்கார்ந்தால் வாயைத் திறக்காதீர்கள். வெளியிட்ட பிறகு எந்த வாசகர் பக்கத்திலும் நீங்கள் இருக்கப் போவதில்லை. லிங்க்கே இல்லாமல் பாதியில் நிற்கும் கட்டங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்கவும்.

இட்ச்.ஐஓ என்ற தளம் 2013 முதல் இயங்கி வருகிறது. இதில் இலவச அக்கவுண்ட் தொடங்கி, புதிய புராஜக்ட் உருவாக்கி, அதன் வகையாக எச்.டி.எம்.எல். என்பதனைத் தேர்ந்தெடுத்து உங்கள் பைலை அப்லோட் செய்திடவும். இலவசமாகத் தருவதா, விலை வைப்பதா, விரும்பியவர் விரும்பியதைத் தரட்டும் என்று விடுவதா என்பது உங்கள் விருப்பம்.

மூன்று விஷயங்களை மனதில் கொள்ளவும். முதலாவது, ஐ.எப்.காம்ப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் அந்தக் கதையை எங்கும் வெளியிடக் கூடாது. ஏற்கனவே வெளியானவை ஏற்கப்படுவதில்லை. இரண்டாவது, சினிமாப் பாடல், பிறர் வரைந்த படம், பிறர் கதையின் பாத்திரம் ஆகியவற்றை அனுமதி இன்றிச் சேர்க்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. மூன்றாவது, பணம். 1995 போட்டியில் வென்றவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ பிளாட்கின், 2010ல் தன் அடுத்த கேமுக்காக வாசகர்களிடமே நிதி கேட்டு 31 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டினார். அதற்குப் பின்னால் 15 ஆண்டு இலவச உழைப்பு இருந்தது. கேமை முடித்து வெளியிட 2014 ஆகி விட்டது. எனவே பணத்தை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம்.

முதல் விமர்சனம் வரும் போது மனம் சற்று வலிக்கும். உடனே பதில் எழுத உட்கார வேண்டாம். ஒரு நாள் கழித்து மீண்டும் படித்துப் பாருங்கள். அதில் எந்தத் திரை என்று இடம் காட்டிச் சொல்லப்பட்டிருந்தால், அவர் உங்கள் கதையை முழு மனதுடன் படித்திருக்கிறார் என்று பொருள். நன்றி சொல்லித் திருத்துங்கள். திருத்திய பைலை அதே இடத்தில் மீண்டும் அப்லோட் செய்திடலாம். அச்சிட்ட புத்தகத்தில் இந்த வசதி உண்டா?

ஆகவே அடுத்த முறை வீட்டில் பையன் கேம்ஸ் முன் உட்கார்ந்திருந்தால் உடனே திட்ட வேண்டாம். அருகில் ஒரு நோட்டைக் கொடுத்து, “எந்த இடத்தில் போரடித்தது, ஏன்?” என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த முதல் விமர்சகர் அப்படிப்பட்ட ஒரு பையன்தான்.